எல்லோரும் ஒரே பக்கம் ஏறினால்: கிரிப்டோ முன்பேரச் சந்தையும் எமது சிறு முதலீட்டாளர்களும்

கடந்த சில மாதங்களாக இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். முன்பெல்லாம் திரும்பி வந்த காசோலை, வற் வரிப் பதிவு, லீசிங் தவணை, கொழும்பு மொத்த வியாபாரி தரும் கடன் நாள் என்றுதான் கேட்பார்கள். இப்போது காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் உள்ள இளம் வியாபாரிகள் கையடக்கத் தொலைபேசியை நீட்டி, பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்கும் கோடுகளைக் காட்டி, "இது கூடுமா, குறையுமா?" என்று கேட்கிறார்கள். கூடுமா குறையுமா என்பதை நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்லத் தெரிந்தவர் எவரும் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டார்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஓர் ஊரின், ஒரு நாட்டின் சிறு முதலீட்டாளர்கள் ஒரே ஆசையோடு ஒரே சந்தைக்குள் நுழைந்தால் அந்தச் சந்தை அவர்களை என்ன செய்கிறது? அவர்கள் அந்தச் சந்தையை என்ன செய்கிறார்கள்? கிரிப்டோ நாணயங்களை வைத்து முன்பேரம் நடக்கும், 'பரவலாக்கப்பட்டவை' என்று தம்மை அழைத்துக்கொள்ளும் இணையச் சந்தைகளைப் பற்றியே பேசுகிறேன்.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை வாவியைப் பாதையில் கடந்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். மோட்டார் சைக்கிளும் மூடையும் ஆட்களுமாக எல்லோரும் ஒரே பக்கம் நின்றால் பாதை சாயும். ஓட்டுபவர் சத்தம் போடுவார், நாலு பேர் மற்றப் பக்கம் நகர்வார்கள். இந்தச் சந்தையில் சத்தம் போட எவரும் இல்லை. அதற்குப் பதிலாக, கூட்டம் நிற்கும் பக்கத்தில் நிற்பவர்களிடம் மணிக்கு மணி ஒரு கட்டணம் அறவிடப்படுகிறது. அதுவும் போதாமல் பாதை சாய்ந்தால், சிலர் கேட்கப்படாமலேயே தண்ணீரில் இறக்கப்படுகிறார்கள்.

நெல்லும் இல்லை, அறுவடையும் இல்லை

முன்பேரம் எமக்குப் புதிதல்ல. படுவான்கரை விவசாயி பெரும்போகத்துக்கு விதைக்கும்போதே எழுவான்கரை வியாபாரியிடம் முற்பணம் வாங்கி, அறுவடையில் இன்ன விலைக்கு இத்தனை மூடை தருவதாகப் பேசிக்கொள்வது நாம் கண்டு வளர்ந்த கொடுக்கல் வாங்கல். மாசி, பங்குனியில் நெல் வந்து இறங்கும். பேச்சும் அத்தோடு முடியும்.

கிரிப்டோ சந்தையில் இன்று மிக அதிகமாக நடப்பது முடிவுத் திகதியே இல்லாத முன்பேரம். ஆங்கிலத்தில் 'பெர்பெச்சுவல்' என்பார்கள், பையன்கள் சுருக்கி 'பேர்ப்' என்கிறார்கள். பிட்மெக்ஸ் என்ற நிறுவனம் 2016இல் இதைப் பிட்கொயினுக்கு அறிமுகப்படுத்தியது. இதில் மூடை இல்லை, களஞ்சியம் இல்லை, அறுவடை நாள் இல்லை. விலை ஏறும் என்று ஒருவர் ஒரு பக்கம் நிற்கிறார், இறங்கும் என்று இன்னொருவர் மறுபக்கம் நிற்கிறார். அவ்வளவுதான். கையில் உள்ள காசைப் போல் பத்து மடங்கு, இருபது மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேலாக நிற்கலாம்.

அறுவடை நாள் இருந்தால் பேசிய விலையும் சந்தை விலையும் அந்த நாளில் வந்து சந்தித்துவிடும். அது இல்லாதபடியால் இரண்டும் விலகிப் போகாமல் கட்டிவைக்க ஒரு கயிறு வேண்டும். அந்தக் கயிற்றுக்கு 'பண்டிங்' என்று பெயர். ஏறும் என்று நிற்பவர்கள் அதிகமாகி ஒப்பந்த விலை உண்மை விலையை விட உயர்ந்தால், அவர்கள் மறுபக்கத்தில் நிற்பவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும். பல சந்தைகளில் இது எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. இப்போது பெரிதாகப் பேசப்படும் ஹைப்பர்லிக்விட்டில் மணிக்கு ஒரு தடவை.

கடைக்காரர் பாஷையில் ஒரு கணக்குப் போடுவோம். உங்களிடம் ஒரு இலட்சம் ரூபா இருக்கிறது. பத்து மடங்காகப் பத்து இலட்சத்துக்கு நிற்கிறீர்கள். சந்தை அமைதியாக இருக்கும்போது எட்டு மணித்தியாலத்துக்கு 0.01 வீதம் என்பது சாதாரண அளவு. அது பத்து இலட்சத்துக்கு 100 ரூபா, நாளொன்றுக்கு 300 ரூபா, மாதத்துக்கு 9,000 ரூபா. உங்கள் சொந்தக் காசு ஒரு இலட்சம் என்பதை மறந்துவிட வேண்டாம். இனி எல்லோரும் ஒரே பக்கம் பாய்ந்து அந்த வீதம் 0.1 ஆகிறது என்று வையுங்கள். நாளொன்றுக்கு 3,000 ரூபா. விலை ஒரு சதமும் அசையாமல் நின்றாலே பத்து நாளில் 30,000 போய்விடும். உள்ளே போகவும் வெளியே வரவும் தரகு வேறு. ஹைப்பர்லிக்விட்டில் உடனடியாக வாங்குபவருக்கு அடிப்படைக் கட்டணம் 0.045 வீதம். கேட்கச் சிறிய எண். ஆனால் அது பத்து இலட்சத்தின் மீது அறவிடப்படுகிறது. போகவர 900 ரூபா, அதாவது உங்கள் முதலில் கிட்டத்தட்ட ஒரு வீதம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை போய் வருபவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இந்தக் காசு எங்கே போகிறது? மறுபக்கத்தில் பெரும்பாலும் நிற்பது விலை இறங்கும் என்று நம்பும் இன்னொரு கடைக்காரர் அல்ல. அங்கே நிற்பவர்கள் கணினி நிரலால் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள். அவர்கள் ஒரு கையில் உண்மை நாணயத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மறு கையால் முன்பேரத்தில் அதே அளவை விற்கிறார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரு கை மற்றக் கையைச் சரிக்கட்டிவிடும். அவர்களுக்கு மிச்சம் நாம் கட்டும் பண்டிங். எமது ஆர்வம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அவர்களது வருமானம்.

ஒரு நாடு முழுதும் திரும்பிப் பார்த்தபோது

ஒரு பிரதேசத்தின் ஆர்வம் இத்தகைய சந்தையை எப்படித் தூக்குகிறது என்பதற்குத் தெளிவான உதாரணம் சீனா. 2021 செப்டெம்பர் 24ஆம் திகதி சீன மத்திய வங்கி, கிரிப்டோ தொடர்பான சகல வியாபாரமும் சட்டவிரோதம் என அறிவித்தது. வழமையான சந்தைகள் சீன வாடிக்கையாளர்களுக்குக் கதவை மூடத் தொடங்கின. ஆனால் ஆசையை அப்படி மூட முடியாதே. இரண்டு மூன்று நாட்களுக்குள் டி.ஒய்.டி.எக்ஸ். என்ற பரவலாக்கப்பட்ட முன்பேரச் சந்தையின் ஒருநாள் வியாபாரம் 4 பில்லியன் டொலரைத் தாண்டி, அமெரிக்காவின் மிகப்பெரிய சந்தையான கொயின்பேஸின் நேரடி வியாபாரத்தை மிஞ்சியது. அந்தச் சந்தை வெளியிட்டிருந்த சொந்த நாணயத்தின் விலையும் பாய்ந்தது.

இதில் இன்னொரு விடயமும் கலந்திருந்தது. அப்போது டி.ஒய்.டி.எக்ஸ்., வியாபாரம் செய்பவர்களுக்குத் தனது நாணயத்தையே பரிசாக வழங்கிக்கொண்டிருந்தது. கூடுதலாகக் கட்டணம் கட்டினால் கூடுதல் பரிசு. ஆகவே அந்தப் பெரிய எண்ணுக்குள் உண்மை வியாபாரம் எவ்வளவு, பரிசுக்காகச் சுற்றிச் சுற்றி ஓடியது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். பெருநாள் மலிவு விற்பனைக்குக் கடை வாசலில் கூட்டம் சேர்ப்பது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. 2025 ஒக்டோபரிலும் இப்படி ஒன்று நடந்தது. ஹைப்பர்லிக்விட்டுக்குப் போட்டியாக வந்த அஸ்டர் என்ற சந்தையின் வியாபார எண்கள் பைனான்ஸ் சந்தையின் எண்களை அப்படியே பிரதிபலிப்பதாகச் சந்தேகம் எழுந்தது. புள்ளிவிபரம் தொகுக்கும் டெஃபிலாமா தளம் அந்த எண்களை அப்போது தனது பட்டியலிலிருந்து நீக்கியது.

வந்த கூட்டம் தங்கியதா என்றால் இல்லை. டி.ஒய்.டி.எக்ஸ். 2024 ஒக்டோபரில் தனது ஊழியர்களில் 35 வீதமானோரை நிறுத்தியது. கூட்டம் ஹைப்பர்லிக்விட்டுக்கு நகர்ந்திருந்தது. இங்கேயும் கட்டணத்தின் மிகப் பெரும் பகுதியைக் கொண்டு சந்தை தன் சொந்த நாணயத்தையே திரும்ப வாங்குகிறது. கூட்டம் இருக்கும் வரை நாணயத்தின் விலைக்கு ஆதரவு இருக்கும். கூட்டம் கலைந்தால் அந்த ஆதரவும் கலையும். அந்த நாணயத்தை வாங்கி வைப்பவர் உண்மையில் அடுத்தவர்களின் ஆர்வத்தையே வாங்கி வைக்கிறார்.

தென்கொரியாவின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. ஏனெனில் அங்கும் எம்மைப் போல் பணத்தை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு. 2018 ஜனவரியில் கொரியச் சந்தைகளில் பிட்கொயின் விலை ஏனைய நாடுகளை விட 40 வீதத்துக்கும் மேல் உயர்ந்து நின்றது. அவர்களது ஊறுகாயின் பெயரால் இதைக் 'கிம்ச்சி பிரீமியம்' என்று அழைத்தார்கள். கொயின்மார்க்கெட்கெப் என்ற விலைப்பட்டியல் தளம் ஜனவரி 8ஆம் திகதி கொரிய விலைகளைச் சராசரியிலிருந்து நீக்கியபோது, எந்த நாணயமும் விற்கப்படாமலேயே உலகப் பட்டியலில் விலை விழுந்ததாகத் தெரிந்தது. அதைப் பார்த்துப் பதறியவர்கள் விற்கவும் தொடங்கினார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2024 டிசம்பர் 3ஆம் திகதி இரவு கொரிய ஜனாதிபதி இராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, உலகில் 95,000 டொலரை அண்டி நின்ற பிட்கொயின், கொரியாவின் அப்பிட் சந்தையில் 88 மில்லியன் வொன் வரை, அதாவது ஏறத்தாழ 62,000 டொலர் வரை சரிந்தது. சிறிது நேரத்தில் மீண்டும் ஏறியது. அந்த இடைவெளிக்குள் பயந்து விற்றவர்களிடமிருந்து வாங்கியவர் யாரோ! ஒரு பிரதேசத்தின் வேலிக்குள் அடைபட்ட ஆர்வம் அதன் விலையை ஏற்றும்போதும் தனியாக ஏற்றும், இறக்கும்போதும் தனியாக இறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

யாரும் மூட ஏலாதா?

காத்தான்குடியில் தொலைபேசி உதிரிப்பாகம் விற்கும் ஒரு தம்பியோடு அண்மையில் நீண்ட நேரம் வாதாடினேன். "காக்கா, இது பேங்க் மாதிரி இல்ல. முதலாளி இல்ல, கந்தோர் இல்ல. எவனும் மூட ஏலாது, எவனும் எங்கட காசில கை வைக்க ஏலாது" என்றார். "சரி தம்பி, பிரச்சினை வந்தா யாரைக் கேக்கிற?" என்றேன். "கேக்கத் தேவையில்ல, எல்லாம் கோட்டுல எழுதிக் கிடக்கு" என்றார். கோட் என்றது கணினி நிரலை.

பரவலாக்கம் என்ற சொல்லைக் கிழக்கு மாகாணத்தில் இருக்கும் எமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதிகாரப் பரவலாக்கம் பற்றி நாற்பது வருடமாகக் கேட்கிறோம். காகிதத்தில் பரவியிருப்பது வேறு, நெருக்கடி வரும் நாளில் முடிவெடுக்கும் கை யாருடையது என்பது வேறு.

2025 மார்ச் 26ஆம் திகதி ஹைப்பர்லிக்விட்டில் நடந்தது இது. ஜெலிஜெலி என்ற, ஆழமில்லாத ஒரு சிறு நாணயம். ஒருவர் அதன் விலை இறங்கும் என்று பல மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்தார். பின்னர் தன் பிணைக்காசை வெளியே எடுத்துவிட்டார். பிணை போதாமல் போனதும் விதிப்படி அந்த ஒப்பந்தம் சந்தையின் பொது நிதியத்தின் தலையில் விழுந்தது. அந்த நிதியத்தில் இருப்பது வேறு யாருடையதும் அல்ல, இலாபப் பங்குக்காகச் சாதாரண ஆட்களும் போட்டுவைத்த காசு. அதே நேரம் வெளிச் சந்தைகளில் அந்த நாணயத்தின் விலை பல மடங்காகத் தூக்கப்பட்டது. நிதியத்தின் நட்டம் 10 மில்லியன் டொலரைத் தாண்டியது. அப்போது அந்தச் சந்தையை நடத்தும் 'சரிபார்ப்பாளர்கள்' கூடி முடிவெடுத்து, அந்த நாணயத்தைப் பட்டியலிலிருந்து நீக்கி, சகல ஒப்பந்தங்களையும் 0.0095 டொலர் என்ற விலையில் முடித்துவிட்டார்கள். சந்தையில் அப்போது ஓடிய விலை அதைவிடப் பல மடங்கு. நட்டத்தில் நின்ற நிதியம் சிறு இலாபத்தோடு வெளியே வந்தது. சந்தேகத்துக்குரிய கணக்குகள் தவிர ஏனையோருக்கு ஈடு செய்வதாக அதன் மன்றம் அறிவித்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்.

அந்த முடிவு சரியா பிழையா என்று இருபக்கமும் வாதிடலாம். நிதியத்தில் காசு போட்டவர் சரி என்பார், ஏறும் என்று நின்றவர் அநியாயம் என்பார். எனக்குப் படுவது, மூட முடியாது என்ற சந்தையில் மூடினார்கள், மாற்ற முடியாது என்ற விலையை மாற்றினார்கள் என்பதே. 2022 ஏப்ரலில் கொழும்புப் பங்குச் சந்தையை ஐந்து வியாபார நாட்கள் மூடுமாறு பிணையங்கள் ஆணைக்குழு பணித்தபோது, குறைந்தபட்சம் பணித்தவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ், கடிதம் எழுதுவதென்றால் எந்த முகவரி என்று எமக்குத் தெரிந்திருந்தது.

தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில்

கொழும்புச் சந்தைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மாலையானால் மூடிவிடும். கிரிப்டோ சந்தைக்கு இரவு பகல் இல்லை, ஜும்ஆவும் இல்லை, பெருநாளும் இல்லை.

2025 ஒக்டோபர் 6ஆம் திகதி பிட்கொயின் 126,000 டொலரைத் தாண்டி உச்சம் தொட்டது. எங்கும் ஒரே ஆரவாரம். ஏறும் என்ற பக்கத்தில் உலகம் முழுவதும் சிறு ஆட்கள் மடங்கு மடங்காக ஏறி நின்றார்கள். 10ஆம் திகதி வெள்ளிக்கிழமை அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப், சீனப் பொருட்களுக்கு மேலதிகமாக 100 வீத வரி விதிக்கப்போவதாக எழுதினார். அப்போது இலங்கையில் சனிக்கிழமை அதிகாலை இரண்டரை மணியளவு. பஜ்ருக்கு எழும்பியவர்கள் தொலைபேசியைப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 24 மணித்தியாலத்துக்குள் 19 பில்லியன் டொலருக்கும் அதிகமான ஒப்பந்தங்கள் பலவந்தமாக மூடப்பட்டன. பாதிக்கப்பட்ட கணக்குகள் 16 இலட்சத்துக்கு மேல். இதில் 10 பில்லியன் டொலரளவு ஹைப்பர்லிக்விட் ஒன்றில் மாத்திரம் நடந்தது. பிட்கொயின் 105,000 டொலரை அண்டியது. சிறு நாணயங்கள் சில, நிமிடங்களுக்குள் பாதிக்கும் கீழே விழுந்து எழுந்தன.

பத்து மடங்கில் நிற்பவருக்குப் பத்து வீத இறக்கம் முழுக் காசையும் கொண்டுபோகும். நடைமுறையில் அதற்கு முன்பே மூடிவிடுவார்கள். மூடுவது என்றால் விற்பது. விற்றால் விலை இன்னும் இறங்கும். இறங்கினால் அடுத்தவர் மூடப்படுவார். 2021இல் கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் கொழும்புச் சந்தையில் கண்ட அதே சங்கிலிதான். அங்கே ஒரே வருடத்தில் ஏறத்தாழ 80 வீதம் ஏறிய சுட்டெண், அடுத்த வருடம் தரகர்கள் கடனுக்காகப் பங்குகளைப் பலவந்தமாக விற்றபோது எப்படிச் சரிந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் இங்கே கொழும்பில் இல்லாத ஒரு விதி உண்டு. அதைத்தான் நான் மிக முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். தோற்றவரின் காசு தீர்ந்து, பொது நிதியமும் தாங்க முடியாத கட்டம் வந்தால், சந்தை வென்றவரின் ஒப்பந்தத்தையும் தானாக மூடிவிடும். அன்று அதிகாலை அப்படியே நடந்தது. சரியான பக்கத்தில் நின்றவர்களிலும் பலர், இலாபம் இன்னும் வளர இருந்தபோதே வெளியேற்றப்பட்டார்கள். அதைவிட மோசம் பாதுகாப்புக்காக நின்றவர்களின் நிலை. கையில் நாணயத்தை வைத்துக்கொண்டு, விலை இறங்கினால் ஈடு செய்ய மறுபக்கத்தில் ஒப்பந்தம் செய்திருந்தவருக்கு, அந்த ஒப்பந்தம் மூடப்பட்டதும் கையில் விழுந்துகொண்டிருக்கும் நாணயம் மாத்திரமே மிஞ்சியது. கடையில் தீ பிடித்த நிமிடத்தில் காப்புறுதி இரத்தானது போல. அதே இரவு ஹைப்பர்லிக்விட்டின் பொது நிதியம் சுமார் 40 மில்லியன் டொலர் இலாபம் ஈட்டியதாக அறிவிக்கப்பட்டது. எல்லாம் விதிப்படிதான். விதி முன்கூட்டியே எழுதப்பட்டும் இருந்தது. எத்தனை பேர் வாசித்திருந்தார்கள்?

இந்தியாவின் புள்ளிவிபரம் ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். கிரிப்டோவுக்கு இதுபோன்ற நம்பகமான ஆய்வு எனக்குக் கிடைக்கவில்லை என்பதால் பங்குச் சந்தை முன்பேரத்தையே எடுக்கிறேன். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் முன்பேரம் செய்த தனிநபர்களில் 93 வீதமானோர் நட்டமடைந்ததாகவும் மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி இந்திய ரூபாவைத் தாண்டியதாகவும் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்துநரான செபி 2024 செப்டெம்பரில் அறிவித்தது. அவர்களில் 72 வீதமானோர் முதல் முப்பது பெரு நகரங்களுக்கு வெளியே உள்ள ஊர்களைச் சேர்ந்தவர்கள். அதாவது எம்மைப் போன்ற ஊர்கள். இலாபம் போனது எங்கே? பெரும்பாலும் கணினி நிரலால் வியாபாரம் செய்யும் நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும்.

எமது ஊருக்கு வந்த போலி

உண்மைச் சந்தையே இப்படியென்றால் போலியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? எம்.ரி.எஃப்.ஈ. என்ற செயலி, செயற்கை நுண்ணறிவு உங்களுக்காக வியாபாரம் செய்யும், நீங்கள் ஆள் சேர்த்தால் போதும் என்று பங்களாதேஷ், நைஜீரியா, இலங்கை ஆகிய நாடுகளில் பரவியது. 2023 ஓகஸ்டில் பணம் எடுப்பது நின்றது. பிறகு பலரது கணக்குகளில் மீதி பூச்சியத்துக்கும் கீழே காட்டப்பட்டது, நீங்கள்தான் எமக்குத் தர வேண்டும் என்பதுபோல! அதே மாதம் இலங்கை மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் பெயரிட்டது. ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மெக்ஸ் டி.ரி. ஆகியனவும் அந்தப் பட்டியலில் உள்ளவை. போலிக்காரர்கள் ஏன் முன்பேரச் சந்தையின் வேடத்தைத் தெரிவு செய்தார்கள் என்பதை யோசித்தால் விளங்கும். ஒரே இரவில் காசு முழுதும் போவது உண்மைச் சந்தையிலேயே வழமை. ஆகவே 'வியாபாரத்தில் நட்டம் வந்துவிட்டது' என்றால் ஏமாந்தவர் பாதி நம்பிவிடுவார்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டி ஓடியபோது, ரூபாவை நம்பாமல் டொலர் போன்ற ஒன்றைக் கையில் வைத்திருக்க ஆசைப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இறக்குமதிச் சாமான் விற்பவருக்கு அந்த மூன்று மாதம் என்னவாக இருந்தது என்பது தெரியும். ஆனால் டொலர் சேமிப்பது ஒன்று, அதைப் பிணை வைத்துப் பத்து மடங்கு நிற்பது இன்னொன்று.

சட்ட நிலைமையும் சொல்ல வேண்டும். கிரிப்டோ திட்டங்களை நடத்த எவருக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கவில்லை என்று மத்திய வங்கி 2018 முதல் பல தடவை எச்சரித்தது. வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரையின்படி கடனட்டை, பற்று அட்டைகளை இதற்குப் பாவிக்க அனுமதியில்லை என்றும் தெளிவுபடுத்தியது. எனவே ஆட்கள் செய்வது, முன்பின் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்கு ரூபாவை அனுப்பி டெதர் நாணயம் வாங்குவது, பின்னர் விற்று இன்னொருவரிடமிருந்து ரூபாவைப் பெறுவது. அப்படி உங்கள் கணக்குக்கு வரும் ரூபா மோசடியில் கிடைத்த காசாக இருந்தால் விசாரணை உங்கள் வாசலுக்கு வரும், கணக்கு முடக்கப்படும். கடையின் நடைமுறைக் கணக்கையே இதற்குப் பாவித்தால், சப்ளையருக்குக் கொடுத்த காசோலைகளும் சேர்ந்து திரும்பும். தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம்.

ஹலால், ஹராம் விடயத்தைப் பலர் கேட்கிறார்கள். எகிப்தின் தலைமை முப்தி 2018 ஜனவரியில் பிட்கொயின் வியாபாரம் கூடாது என்றார். இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில் கிரிப்டோவை நாணயமாகப் பாவிப்பதை ஹராம் என்றது. வேறு கருத்துள்ள அறிஞர்களும் உண்டு. அது உலமாக்களின் பணி, எனது அல்ல. ஆனால் அவர்களிடம் போகும்போது 'பிட்கொயின் கூடுமா?' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். கடனாக மடங்காக்குவது, மணிக்கு மணி கைமாறும் பண்டிங், பொருள் கைமாறாத விற்பனை ஆகிய மூன்றையும் விளக்கிக் கேளுங்கள். கேள்வி சரியாக இருந்தால்தான் பதிலும் சரியாக வரும்.

நோன்பு காலச் சரக்குக்காக ஒதுக்கிய காசு சில வாரம் சும்மாதானே கிடக்கிறது, அதை இதில் சுழற்றினால் என்ன என்று ஏறாவூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் காசு சும்மா கிடக்கவில்லை. பின்திகதியிட்ட காசோலை ஒன்றுக்கு எதிரே அது நிற்கிறது. துணி மூடை விலை இறங்கினால் பொறுத்திருந்து விற்கலாம். மருதமுனைச் சாரம் இந்தப் பெருநாளுக்குப் போகாவிட்டால் அடுத்த பெருநாளுக்குப் போகும். முன்பேரத்தில் அந்தப் பொறுமைக்கு இடமே இல்லை. நீங்கள் நினைத்த விலை அடுத்த வாரம் வந்தாலும், இந்த வாரம் மூடப்பட்டவருக்கு அது உதவாது.

இன்னொரு விடயம், எவரும் கேட்காதது. ஒருவர் மௌத்தானால் அவரது கடனை அடைத்த பின்னரே சொத்து வாரிசுகளுக்குப் பங்கிடப்படும். கொழும்பு முதலாளிக்குக் கொடுக்க வேண்டியது கடைக் கொப்பியில் இருக்கும், வங்கியில் உள்ளது வங்கிப் புத்தகத்தில் இருக்கும். பரவலாக்கப்பட்ட சந்தையில் வைத்திருப்பதைத் திறக்கும் சாவி பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு ஆங்கிலச் சொற்கள். அவை தெரியாவிட்டால் மனைவியாலும் மகனாலும் நீதிமன்றக் கட்டளையாலும் கூட அதைத் திறக்க முடியாது. திறந்துகிடக்கும் ஒப்பந்தத்தை மூடச் சொல்லி விண்ணப்பிக்க ஒரு கந்தோரும் இல்லை. பண்டிங் மட்டும் மணிக்கு மணி போய்க்கொண்டிருக்கும், பிணைக்காசு தீரும் வரை.